புது முட்டி

அண்ணன் கண்ணாடிக் கதவை உதைத்ததும் காவலாளிகள் இருவர் ஓடிவந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். கதவு உடையவில்லை. அதுவே அவனுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். பிடித்திருந்தவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மறுபடி காலைத் தூக்கினான்.

"எங்க அவ? அந்த டாக்டரை வெளிய வரச் சொல்லு. எங்க அப்பாவைக் கொன்னுட்டு உள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டாளா?"

அவன் தங்கை சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் செருப்பையும் மூக்குக்கண்ணாடியையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு நர்ஸ் அவள் கையில் கொடுத்திருந்தாள். அப்பா போய் அரைமணிகூட ஆகவில்லை. அவளுக்கும் எதையாவது உதைக்க வேண்டும்போலத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு அது வராது. டெலிபோன் கம்பெனியில் புகார் கேட்கிற பிரிவில் வேலை. முகம் தெரியாதவர்களிடமெல்லாம் நாள் முழுக்கத் திட்டு வாங்கிக்கொண்டு, 'உங்கள் சிரமம் புரிகிறது' என்று இனிமையாகச் சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். கோபத்தை விழுங்கி விழுங்கியே வயிற்றில் புண் வந்திருந்தது. அந்தக் கதவு உடைந்திருந்தால் கொஞ்சம் நன்றாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கிரீஸ் மாமா வந்த பிறகுதான் அண்ணன் அடங்கினான். அப்பாவோடு ஒரே லிஃப்ட் கம்பெனியில் காலமெல்லாம் வேலை பார்த்தவர் அவர். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாததால் அந்தப் பெயர். கூடவே கம்பெனி ஆட்கள் நாலைந்து பேரும் வந்திருந்தார்கள். அவர் அண்ணனின் பிடரியில் கையை வைத்து, வீட்டில் அம்மா தனியாக இருக்கிறாள், முதலில் அங்கே போ என்றார். "மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றும் சொன்னார். அதைக் கேட்டு மற்றவர்கள் தலையாட்டிய விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

உடலைக் கொடுக்க மதியமாகும் என்றார்கள். அவள் அங்கேயே உட்கார்ந்தாள்.

எல்லாம் பிடரியில் வந்த ஒரு கட்டியில் ஆரம்பித்தது. அப்பா அதை வேலைக்கையோடு தானே பிதுக்கிவிட்டுக்கொண்டார். ரிட்டயர் ஆன பிறகும், அதே லிஃப்ட் வேலைக்குப் போகிற அண்ணனோடு கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர். அவர் கை என்றைக்குச் சுத்தமாக இருந்திருக்கிறது. கட்டி அமுங்கியது, காய்ச்சல் வந்தது. கட்டிலே ஆடுகிற மாதிரி குளிர் நடுக்கம். இந்த ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்று சொல்லி, பல நாள் ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் விட்டது. பிழைத்துவிட்டார் என்று எல்லோரும் மூச்சுவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அவள் போனில் விசாரித்தபோதெல்லாம் அண்ணன் சொன்னது ஒன்றுதான்: "நல்லா இருக்காரு."

நல்லா இருந்தவர் முந்தாநாள் எழுந்து நிற்க முடியாமல் விழுந்தார். மறுபடி அதே நடுக்கம். இந்தத் தடவை முட்டியைத் திறந்து பார்த்தார்கள்.

அது அவருடைய சொந்த முட்டி இல்லை. மாடிப்படி ஏறி ஏறியே தேய்ந்துபோனதை எடுத்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன்னால் செயற்கை முட்டி வைத்திருந்தார்கள். லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்குத்தானே லிஃப்ட் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். ஆயுசு முழுக்க அவர் படி ஏறியேதான் லிஃப்ட்டுகளை ஓட்டிவைத்தார். புது முட்டி வந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பேன்ட்டைத் தூக்கித் தழும்பைக் காட்டுவார். உங்களுடையதெல்லாம் பழைய மாடல், இது நான் போன பிறகும் ஓடும் என்பார். கேட்டுச் சலித்துப்போய் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

முட்டிக்குள் முழுக்கச் சீழ் என்று எலும்பு டாக்டர் நேற்று வந்து சொன்னார். வாரக்கணக்காக அங்கேயே தங்கிப் பெருகி, மறுபடி ரத்தத்துக்குப் போயிருக்கிறதாம். "முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார். கல்யாணப் பந்திக்கு நேரம் கழித்து வந்தவர்களிடம் கேட்கிற மாதிரி இருந்தது அவர் கேட்டது. அப்போதிருந்தே அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. முன்னாடியே கூட்டிவர வேண்டும் என்பதை முன்னாடியே யாராவது சொல்ல வேண்டாமா?

எழுந்தாள். காய்ச்சலுக்கு வைத்தியம் பார்த்த அந்த டாக்டர் எங்கே என்று மேல்மாடி வார்டில் போய் விசாரித்தாள். நர்ஸுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருத்தி, நீங்கள் தனியாகத்தானே வந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டு, சாப்பாட்டு அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே தாழ் போட்டிருந்தது.

டாக்டர் அவளைவிடச் சின்னப் பெண்ணாக இருந்தாள். தலைமுடியை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டியிருந்தாள். மேஜைமேல் கடித்து வைத்த ரொட்டி இருந்தது.

"உங்க அண்ணன் போயிட்டாரா?"

"போயிட்டான். நான் இருக்கேன்."

உட்காரச் சொன்னாள். இவள் உட்காரவில்லை. அந்தப் பெண் நின்றுகொண்டே விளக்கினாள். அப்பாவின் ரத்தத்தில் இருந்தது பொல்லாத கிருமி. உடம்புக்குள் உலோகம் கிடைத்தால் அதில் போய் ஒட்டிக்கொள்வது அதற்குச் சுலபம். ஒட்டிவிட்டால் மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. இந்தக் கிருமி ரத்தத்தில் கலந்தவர்களில், செயற்கை மூட்டு வைத்திருக்கிற மூன்று பேரை எடுத்துக்கொண்டால் ஒருவருக்காவது மூட்டிலும் பிடித்துக்கொள்ளும். உடனேயும் தெரியும், வாரங்கள் கழித்தும் தெரியும். அப்பா வார்டில் இருந்தவரை முட்டியை அவளே தினமும் அழுத்திப் பார்த்திருக்கிறாள். வலியும் இல்லை, வீக்கமும் இல்லை.

"அதனாலதான் டிஸ்சார்ஜ் அன்னிக்குத் தெளிவாச் சொன்னேன். முட்டில லேசா வலியோ சூடோ இருந்தாக்கூட அன்னிக்கே கூட்டிட்டு வாங்கன்னு."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"உங்க அண்ணன்கிட்ட. சரின்னு தலையாட்டினாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் சொல்லியாச்சு."

சொல்லியாச்சு. அந்த வார்த்தை அவளுக்கு அத்துப்படி. ஆபீசில் ஒரு புகாரை முடித்துவைக்கும்போது அவளே தினமும் சொல்வதுதான். கேட்டவருக்குப் புரிந்ததோ இல்லையோ, லைன் வேலை செய்ததோ இல்லையோ, சொல்லியாச்சு என்றால் நம் கையை விட்டுப் போனது என்று அர்த்தம். அண்ணனுக்குத் தெரியும் என்பது நெஞ்சில் இறங்க ஒரு கணம் பிடித்தது. இறங்கியதும் காது இரண்டும் சூடாகிவிட்டது. அந்தச் சூட்டை முதலில் எதிரே நின்றவள்மேலேயே காட்டினாள்.

"எங்க அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"அவரு சட்டை மாத்திட்டு இருந்தாரு. வீட்டுக்குப் போற அவசரத்துல..."

"முட்டி அவரோடது டாக்டர். அவருக்குக் காது நல்லாக் கேக்கும். எங்க அம்மாவும் அங்கதான் நின்னுட்டு இருந்திருப்பாங்க. அவங்ககிட்ட சொன்னீங்களா?"

இல்லை என்றாள் டாக்டர். எலும்பு டாக்டருக்கு முன்பே தெரியுமா என்று கேட்டதற்கு, தகவல் அனுப்பினேன் என்றாள். பார்த்தாரா என்றதற்குத் தெரியாது என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, நான் அவரிடமே சொல்லியிருக்க வேண்டும் என்று மெல்லச் சொன்னாள். இவளுக்கு அதைக் கேட்டும் ஆறவில்லை. அந்த ரொட்டியை எடுத்து விட்டெறியலாமா என்று இருந்தது. ஒன்றும் செய்யாமல் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள். சாத்தியதும் உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்டது.

நாலாவது மாடியில் இருந்த வீட்டின் கூடத்தில், சோபாவை பால்கனிக்குத் தள்ளிவிட்டு அப்பாவைக் கட்டிலில் கிடத்தினார்கள். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து, ஈரத்துண்டால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்களெல்லாம் வாசலுக்கு வெளியே படிக்கட்டில் நின்றிருந்தார்கள். அண்ணனின் குரல் அங்கிருந்துதான் கேட்டது.

அண்ணி அவளைத் தனியே இழுத்துப்போய்த் தன் போனை நீட்டினாள். லிஃப்ட் கம்பெனி ஆட்களின் வாட்ஸப் குரூப்பில் ஒரு படம். அந்த டாக்டர், கழுத்தில் அடையாள அட்டையோடு, வார்டில் எதையோ எழுதிக்கொண்டிருக்கிறாள். என்றைக்கு எடுத்தானோ. கீழே அண்ணன் எழுதியிருந்தான்: எங்க அப்பாவைக் கொன்னது இவதான். எல்லாம் முடிஞ்சதும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போறோம். யாரும் விட்டுடாதீங்க. அதற்குக் கீழே வரிசையாகப் பதில்கள். வர்றோம் அண்ணே. சும்மா விடக் கூடாது. அவ எந்தத் தெருவுல இருக்கான்னு எனக்குத் தெரியும்.

"அத்தைகூட இந்தப் படத்தைப் பார்த்துட்டாங்க" என்றாள் அண்ணி. "நீ சொன்னா கேப்பாரு."

பிறந்ததிலிருந்து அவள் சொன்ன எதையும் அண்ணன் கேட்டதில்லை. இருந்தாலும் போய்க் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிவந்தாள். கதவைச் சாத்தினாள். கண் இரண்டும் சிவந்து வீங்கிப்போயிருந்தன அவனுக்கு. அதைப் பார்த்து இரக்கப்பட்டுவிடக் கூடாது என்று சட்டென்று கேட்டாள்.

"முட்டி வலிச்சா உடனே கூட்டிட்டு வான்னு அந்த டாக்டர் உன்கிட்ட சொன்னாங்களா இல்லையா?"

அவன் குழாயைத் திறந்தான். மூடினான். எப்போது சொன்னாள், ஏதோ நடந்துகொண்டே சொன்னாள், பாதி புரியவில்லை என்றான். அவள் டாக்டர், எனக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருக்க வேண்டும் என்றான்.

"அதை நானும் அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் வரேன். சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னா."

"அப்பாவுக்கு வலிச்சுதா இல்லையா?"

அவன் அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டான். பேச ஆரம்பித்ததும் நிறுத்த முடியாமல் வந்தது. முட்டி வலிக்கிறதாப்பா என்று தான் கேட்டதாகச் சொன்னான். அப்பா சிரித்தாராம். நின்றுபோன லிஃப்ட்டுக்குப் போனால் எதை முதலில் பார்ப்போம்? பழசை. புதுசாக மாற்றிய பார்ட்டை யாராவது போய்க் குடைவார்களா? வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து அவர் அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். புதுசில் கோளாறு இருக்காது, பழசில் தேடு.

"முட்டி புதுசுடா, அதுல ஒண்ணும் இருக்காது, இது இடுப்புலேர்ந்து இறங்கற வலின்னாரு. எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. அவர் சொல்லி நான் பார்த்த எந்த லிஃப்ட்டும் ஓடாம இருந்ததில்ல."

இடுப்புக்குப் பெல்ட் வாங்கிக் கொடுத்தானாம். தினமும் தைலம் போட்டு இடுப்பைத்தான் நீவிவிட்டானாம். அவரும் சுகமாக இருக்கிறது என்று சொன்னாராம். அவளுக்கு அப்பாவின்மேலும் கோபம் பொங்கியது. வாழ்நாள் முழுக்க இயந்திரத்தோடு பழகிப் பழகித் தானும் ஒரு இயந்திரம் என்றே நினைத்துவிட்டாரா இந்த மனிதர்? பக்கத்து அறையில் செத்துக் கிடக்கிறாரே என்றுகூடத் தோன்றவில்லை. போய் உலுக்கிக் கேட்கலாம்போல இருந்தது.

"ரெண்டு பேருமா சேர்ந்து நல்லா இருந்த இடுப்புக்கு வைத்தியம் பார்த்திருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? நான் கேக்கும்போதெல்லாம் என்ன சொன்ன?"

"உன்கிட்ட சொன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிடுவ. அப்பாதான் வேணாம்னாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அசிங்கமான சிரிப்பு. ஆமாம், இழுத்துக்கொண்டுதான் போயிருப்பேன் என்றாள். பிறகு, குரூப்பிலிருந்து அந்தப் படத்தை எடு, வெளியே இருப்பவர்களிடம் நீயே போய்ச் சொல் என்றாள். அவன் தலையை ஆட்டினான். சரி என்பதற்கு ஆட்டுகிறானா, முடியாது என்பதற்கா என்று தெரியவில்லை. அந்த டாக்டருக்கும் இப்படித்தான் ஆட்டியிருப்பான்.

"இப்பப் போய் அதைச் சொல்லணுமா? அம்மா தாங்குவாங்களா?"

"அந்தப் பொண்ணை நீங்க அடிச்சா அவ தாங்குவாளா?"

"அடிக்கல்லாம் மாட்டோம். சும்மா ஒரு மிரட்டு. அவளும் செஞ்சது தப்புதானே."

"தப்புதான். ஆனா அவ சொல்லவே இல்லங்கற மாதிரி ஊரைக் கூட்டுறியே, அது பொய்."

அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு, அம்மாவிடம் மட்டும் சொல்லாதே என்று கேட்டுவிட்டு வெளியே போனான். படிக்கட்டில் அவன் குரல் மறுபடி உயர்கிறதா என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு கிரீஸ் மாமா, யார் யார் எந்த வண்டியில், ஆஸ்பத்திரியின் எந்த வாசலுக்கு என்று பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

கீழே வண்டி வந்துவிட்டது என்றார்கள். தூக்குவதற்காக ஆண்கள் உள்ளே வந்தார்கள். கூடம் நிறைந்துவிட்டது. இப்போது சொல்லாவிட்டால் இனி இவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்தால் பேச முடியாது என்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். வாயைத் திறந்தபோது வந்தது அவளுடைய ஆபீஸ் குரல். சத்தம் போடாத, இழுக்காத, ஒவ்வொரு சொல்லும் கேட்கிற குரல்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. முட்டி வலிச்சா உடனே கூட்டிட்டு வரணும்னு அந்த டாக்டர் டிஸ்சார்ஜ் அன்னிக்கே சொல்லியிருக்காங்க. அப்பாகிட்ட சொல்லல, அது அவங்க தப்பு. ஆனா நம்ம வீட்டு ஆள்கிட்ட சொல்லியிருக்காங்க. யார்கிட்டன்னு அண்ணனே சொல்லட்டும்."

சுவரோரத்தில் ஒரு பெண், இந்த நேரத்திலா என்று முணுமுணுத்தாள். அம்மாவின் கையில் ஈரத்துண்டு நின்றுவிட்டது. கிரீஸ் மாமா அண்ணன் பக்கம் திரும்பினார்.

"என்னடா சொல்றா இவ?"

அண்ணன் தங்கையைப் பார்த்த பார்வையை அவள் வாங்கிக்கொண்டாள். இனிமேல் இந்த வீட்டில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடிக்கப் போவதில்லை என்று நினைத்தாள். அதற்கும் கோபம்தான் வந்தது. செய்தவன் அவன், இந்தப் பார்வை தனக்கா?

"என்கிட்டதான் சொன்னா" என்றான் அண்ணன். "நான்தான் கூட்டிட்டுப் போகல."

வந்தவர்களில் ஒருவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கிரீஸ் மாமா நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா துண்டை நாலாக மடித்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். மகனைப் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை.

"முதல்ல அந்தப் பொண்ணு படத்தை எடுத்துடு" என்றாள்.

அண்ணன் அங்கேயே நின்று, போனைத் தட்டி அந்தப் படத்தை நீக்கினான். சரியாக எடுத்துவிட்டானா என்று அண்ணி தன் போனில் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு கிரீஸ் மாமா, தூக்குங்கப்பா என்றார்.

வண்டியோடு வந்த ஸ்ட்ரெச்சர் நீளமானது, லிஃப்ட்டில் நுழையாது. லிஃப்ட் ஆட்கள் நாலு பேர் அப்பாவைப் படி வழியாகத்தான் இறக்க வேண்டியிருந்தது. கால்மாட்டில் நின்றவனை யாரும் நகரச் சொல்லவில்லை. அண்ணன் வந்து பக்கத்தில் நின்றதும் அவனாகவே விலகிக்கொண்டான். யாரும் யாரையும் பார்க்காமல் மெல்ல இறங்கினார்கள். அவள் இரண்டு படி முன்னால், வழியில் இருந்த செருப்புகளை ஒதுக்கிக்கொண்டே போனாள்.

முதல் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. கைப்பிடிச் சுவரில் இடித்தது. கொஞ்சம் சாய்த்து, காலை மடக்கினால் திரும்பிவிடும் என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். அண்ணனின் ஒரு கை அதற்குள் துணிக்கடியில் போயிருந்தது. உள்ளங்கையை முட்டிக்குக் கீழே கொடுத்து, முழங்கையால் கணுக்காலை அணைத்து, அலுங்காமல் தாங்கிப் பிடித்திருந்தான். பல நாள் செய்து பழகிய பிடி அது. இடுப்பு வலிக்காரரை யாரும் அப்படிப் பிடிக்க மாட்டார்கள்.

"அந்தக் காலை மடக்காதீங்க" என்றான்.

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாலு பேரும் அப்படியே நின்றார்கள். பிறகு ஒரு படி பின்னால் ஏறி, தலைப்பக்கத்தைத் தூக்கி, கால் நீட்டியது நீட்டியபடியே இருக்க, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார்கள். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு அவர்களுக்கு வழி விட்டாள்.